எம்.சி. ரோடு சந்தில் ஒரு ஆல்ட்ரேஷன் கடை: எதற்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது

புது ரவிக்கை தைக்க இந்தக் கடைக்குப் போகாதீர்கள், வாங்கமாட்டார்கள். நாளைக்குக் காலையில் கல்யாணம், இன்றைக்கு ராத்திரிக்குள் பேண்ட் அடி மடித்தாக வேண்டும் என்றாலும் போகாதீர்கள். மற்றபடி பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஆல்ட்ரேஷனுக்கு நல்ல இடம் எது என்று யார் கேட்டாலும் நான் கை காட்டுவது இந்தக் கடையைத்தான்.

கடைக்குப் பேர் கிடையாது. ‘ஆல்ட்ரேஷன் செய்து தரப்படும்’ என்று சிவப்பு பெயிண்டில் எழுதிய ஒரு தகரம், அதிலும் பாதி துரு. எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்குமே, அங்கிருந்து வீடுகளுக்குள் போகிற ஒரு சந்தில், பழைய வீட்டுத் திண்ணையை இடித்துக் கட்டிய அறை. தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். டூ வீலரில் வருகிறவர்கள் வண்டியை எங்காவது தள்ளியே விட்டுவிட்டு வாருங்கள். சந்துக்குள் ஒரு மீன்பாடி வண்டி நின்றால் போதும், திருப்ப வழி இருக்காது.

எம்.சி. ரோடு தெரிந்தவர்களுக்கு இந்தக் கடையின் பிழைப்பு எப்படி ஓடுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. விலை மலிவு என்று பேண்ட், சட்டை, நைட்டி எல்லாவற்றையும் மூட்டையாக அள்ளிக்கொண்டு போவார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால் பேண்ட் ஆறடி ஆளுக்கு வெட்டியதுபோல் தரையில் புரளும், சட்டைக் கை விரல் நுனி வரை வரும். அதையெல்லாம் நம் உயரத்துக்குக் கொண்டுவர யாராவது வேண்டும்.

நான் மணலிப் பக்கம் ஒரு உதிரிபாக ஆலையில் பெர்சனல் டிபார்ட்மென்ட். இப்போது ஹெச்.ஆர். என்று போர்டு மாறிவிட்டது, வேலை மாறவில்லை. 58 முடிகிறவருக்கு செட்டில்மென்ட் பேப்பர், சால்வை, ரோஜா மாலை, கேட் முன்னால் குரூப் போட்டோ, எல்லாம் என் பொறுப்பு. அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயதை 2020-இல் 59 ஆக்கினார்கள், 2021-இல் 60 ஆக்கினார்கள். எங்கள் ஆலையில் இன்னும் 58-தான். நல்ல கைப்பக்குவம் உள்ளவர்கள் வரிசையாக வெளியே போவதைப் பார்த்துவிட்டு, வயதானவர்களை எப்படி வேலையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நோட் போடச் சொன்னார்கள். அதற்காக உலகத்தில் யார் யார் என்ன ஆராய்ந்திருக்கிறார்கள் என்று படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க இந்தக் கடைதான் கண்முன் வந்து நின்றது. அதனால் இது வெறும் தையல் கடை விமர்சனமாக இருக்காது. அவசரக்காரர்கள் விலை விவரம் இருக்கிற கடைசிப் பகுதிக்குத் தாவிவிடுங்கள்.

கடையில் நாலு பேர். ஓனருக்கு நாற்பத்தைந்து இருக்கும், அவர் அப்பா வைத்த கடை. கட்டிங், மெஷின் இரண்டும் பாய், அறுபத்தாறு வயது. பீக்கோ, ஃபால்ஸ், முந்தானைக் குஞ்சம் எல்லாம் ஒரு அக்கா, அறுபதைத் தொட்டவர். உள்ளே ஜன்னலோரம் மர ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் பெரியவர். எழுபத்து மூன்று. காஜா என்கிற பட்டன் துளை, பட்டன், கைத்தையல் மூன்றும் அவர் கையில்.

தையல் தொழில் தெரிந்தவர்கள் இங்கேயே புருவத்தைத் தூக்குவார்கள். காஜா எடுப்பது என்றைக்குமே புதுசாய்ச் சேர்கிற பையனின் வேலை. டீ வாங்கி வந்து, தரை கூட்டி, காஜா போட்டு, அப்புறம்தான் மெஷினில் உட்காரவே விடுவார்கள். இங்கே கடையிலேயே மூத்தவர் அதைச் செய்கிறார். அவர் பி அண்ட் சி மில்லில் இருந்தவர். பின்னி காக்கித் துணி நெய்த அதே மில். 1996-இல் ஆலை மூடியபோது அவருக்கு நாற்பத்து நாலு வயது. அதற்கு அப்புறம்தான் தையல் கற்றுக்கொண்டார். மெஷினில் இருபது வருஷம் ஓட்டிவிட்டு, கால் மரத்துப்போக ஆரம்பித்ததும் காஜாவுக்கு இறங்கிக்கொண்டார். இறங்கிக்கொண்டார் என்பது என் வார்த்தை. அவரைக் கேட்டால், “மிசின்ல குந்தினா கால் போவுது. ஊசின்னா கைதானே, கை நல்லா கீதும்மா” என்பார்.

இந்தக் கடையின் விசேஷமே கல்லாவுக்கு மேலே தொங்குகிற ஒரு அட்டைதான். கருப்பு, நேவி புளூ துணி சாயங்காலம் 4 மணிக்கு மேல் வாங்கப்படாது. அர்ஜென்ட் கிடையாது. புது பிளவுஸ், புது சுடிதார் கிடையாது. மதியம் 1 முதல் 3 வரை கடை இல்லை. இதைப் படித்துவிட்டுக் கோபப்படாத ஆளை நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நான் நிற்கும்போது ஒரு பையன் கருப்பு பேண்ட்டோடு வந்தான். மறுநாள் இன்டர்வியூ. பாய் துணியைக் கையில் வாங்கி, புரட்டி, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“காலம்பற ஒம்பது மணிக்கு வா தம்பி. நிக்க வெச்சு முடிச்சுத் தர்றேன்.”

“இப்பவே பண்ணலாமே பாய், லைட்டு இருக்குதே.”

“லைட்டு இருக்குது. கண்ணுதான் இல்ல.”

கருப்புத் துணியில் கருப்பு நூல் தையலைப் பிரிப்பது எப்படிப்பட்ட வேலை என்று ஊசி பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். பிளேடு நுனியை இரண்டு துணிக்கும் நடுவில் விட்டு ஒவ்வொரு தையலாக அறுக்க வேண்டும். நூல் எது, துணி இழை எது என்று தெரியாமல் பிளேடு ஒரு மயிரிழை விலகினால் துணி போச்சு. நாற்பது வயதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் இறுகிக்கொண்டே வருவதால் கிட்டத்தில் இருப்பது மங்கும். இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். இன்னும் வயது ஏற ஏற, அதே பொருளைப் பார்க்க வெளிச்சமும் கூடுதலாகத் தேவைப்படும். பாயிடம் இரண்டு கண்ணாடி இருக்கிறது. ஒன்று மெஷின் தூரத்துக்கு, இன்னொன்று மூக்குக்குக் கிட்டே வைத்துத் தையல் பிரிக்க. இரண்டையும் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருப்பார். பெரியவருக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியாது. ஆனால் அதற்காக அவர் யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. காலையில் பேத்தி பள்ளிக்கூடம் போகிற வழியில் கடையில் நின்று, ஒரு டஜன் ஊசிக்கு வெள்ளை, கருப்பு, சாம்பல் என்று நூல் கோர்த்து ஸ்பாஞ்சுத் துண்டில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போய்விடும்.

கண்ணாடி என்ற சின்ன விஷயம் சம்பளத்தில் எவ்வளவு பெரிய வித்தியாசம் பண்ணும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஆய்வு இருக்கிறது. அஸ்ஸாமில் தேயிலை பறிக்கிற, 40 வயது தாண்டிய, வெள்ளெழுத்து உள்ள 751 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கச் சாதாரணக் கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் ஒரு நாளைக்குப் பறிக்கிற எடை, போடாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக ஏறியது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அது 32 சதவீதத்தை நெருங்கியது. 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. பறிப்பு வேலைக்கு எடையைப் பொறுத்துத்தான் கூலி என்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். வயதாகிவிட்டது, கை ஓடவில்லை என்று எத்தனை பேரைச் சொல்லியிருப்போம். ஓடாதது கையா கண்ணா என்று யார் பார்த்தோம்? எங்கள் ஆலையில் விஷுவல் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் ஐம்பது தாண்டிய பெண்கள் இருக்கிறார்கள். நான் நோட்டில் எழுதியதில் முதல் வரி கண் பரிசோதனைதான்.

சரி, அட்டைக்கு வருகிறேன். பால் பால்டஸ், மார்கரெட் பால்டஸ் என்ற ஜெர்மன் உளவியல் தம்பதி 1990-இல் முன்வைத்த ஒரு கருத்து இருக்கிறது. நன்றாக வயதாகிறவர்கள் மூன்று காரியம் செய்கிறார்கள். எதைச் செய்வது என்று தேர்ந்தெடுத்துக் குறைத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொண்டதில் இன்னும் கூர்மையாகிறார்கள். விட்டுப்போன திறமைக்குப் பதிலாக வேறு வழி பண்ணிக்கொள்கிறார்கள். அவர்கள் காட்டுகிற உதாரணம் பியானோக் கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன். எண்பது வயதில் எப்படி இப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, குறைவான உருப்படிகளையே வாசிக்கிறேன், அவற்றைக் கூடுதலாகச் சாதகம் பண்ணுகிறேன், வேகமான இடம் வருவதற்கு முன்னால் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகப் போகிறேன், அப்போது அடுத்து வருவது வேகமாகக் கேட்கும் என்றாராம்.

இந்த அட்டையில் இருப்பதும் அதே மூன்றுதான். புது ரவிக்கைக்கு அளவெடுக்க வேண்டும், கப் வைக்க வேண்டும், வாரா வாரம் மாறுகிற கழுத்து மாடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டார்கள். பிரிப்பது, மடிப்பது, பிடிப்பது, ஜிப் மாற்றுவது என்று கையில் ஊறிப்போன வேலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வெளிச்சம் போனால் கருப்பு இல்லை. வாடிக்கையாளரை முகம் சுளிக்க வைக்கிற ஒவ்வொரு வரியும் அந்த மூன்று பேரை வேலையில் வைத்திருக்கிற வரி. இதில் எனக்குப் பிடித்தது, இந்த அட்டையை ஓனர் எழுதவில்லை என்பதுதான். பாய் சொல்லச் சொல்ல அக்காவின் மகள் எழுதியது. “எது முடியாதுன்னு அவங்களுக்குத்தான தெரியும்” என்கிறார் ஓனர். எங்கள் ஆலையில் இப்படி ஒரு அட்டையை ஒரு ஃபிட்டர் எழுதி மாட்டினால் மறுநாள் மெமோ பறக்கும்.

உடனே, இதெல்லாம் சின்னக் கடையில் நடக்கும், ஆலையில் நடக்காது என்பார்கள். எங்கள் மேனேஜரும் அதைத்தான் சொன்னார். நடந்திருக்கிறது. ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் பி.எம்.டபிள்யூ. ஆலை. பத்து வருஷம் கழித்துத் தங்கள் தொழிலாளர்களின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணக்குப் போட்டு, 2007-இல் ஒரு லைனில் அந்தச் சராசரி வருகிற மாதிரி 42 பேரை நிறுத்திப் பார்த்தார்கள். மற்ற லைன்காரர்கள் பென்ஷன்காரர் லைன் என்று கேலி செய்தார்கள். லைனில் நின்றவர்களிடமே எங்கே வலிக்கிறது, என்ன மாற்றலாம் என்று கேட்டு எழுபது சின்னச் சின்ன மாற்றங்கள் செய்தார்கள். மரத் தரை, உட்கார்ந்து வேலை செய்ய முடி திருத்தும் கடை நாற்காலி மாதிரி ஒன்று, பூதக் கண்ணாடி, ஸ்க்ரீனில் பெரிய எழுத்து, இப்படி. செலவு, கூடிப் பேசிய நேரத்துக்கான சம்பளத்தையும் சேர்த்து, சுமார் 40,000 யூரோ. ஒரு வருஷத்தில் உற்பத்தித் திறன் 7 சதவீதம் ஏறி, இளவட்டங்கள் நிற்கிற லைன்களுக்குச் சமமாக வந்துவிட்டது.

இங்கே மரத் தரை இல்லை. பெரியவர் காலடியில் ஒரு பழைய கதவுப் பலகை கிடக்கிறது, சிமெண்ட் தரையின் சில்லிப்பு ஏறாமல் இருக்க. பாயின் மெஷின் டேபிளுக்குக் கீழே நாலு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள், கழுத்தைக் குனியாமல் தைப்பதற்காக. செலவு என்று பார்த்தால் நாலு செங்கல்.

அப்புறம் வேலையின் தரம். நூல் பிசிறு விடுவார்கள், இதை மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து நீங்களே கத்தரி எடுத்து வெட்ட வேண்டியிருக்கும். ஒரு முறை சட்டைக் கைப்பட்டியில் பட்டன் நூல் நிறம் கொஞ்சம் மாறிவிட்டது. ஆனால் துணியைக் கெடுத்தார்கள் என்று இதுவரை இல்லை. இதற்கு நேர் எதிராக ஒரு கடை எனக்குக் கிடைத்தது. ஏசி போட்ட, அரை மணியில் டெலிவரி என்கிற இடம், பேர் வேண்டாம். பையனின் புது பேண்ட்டை அழகாக, ஒரு பிசிறு இல்லாமல், இரண்டு இஞ்ச் கூடுதலாகக் குறைத்துக் கொடுத்தார்கள். வெட்டிய துணியைக் கேட்டால் குப்பைக்குப் போய்விட்டது. பாய் எப்போதுமே வெட்டமாட்டார். உள்ளே மடித்து வைத்துத்தான் அடிப்பார். வளருகிற பிள்ளைகள் பேண்ட் என்றால் கேட்காமலேயே இரண்டு இஞ்ச் உள்ளே விடுவார்.

இதைப் பற்றியும் ஒரு ஆய்வு உண்டு, நான் மிகவும் ரசித்தது. ஆக்ஸல் போர்ஷ்-சுபான், மத்தியாஸ் வைஸ் இருவரும் ஜெர்மனியில் ஒரு லாரி அசெம்பிளி ஆலையில் நான்கு வருஷம் பதிவான பிழைகளை எடுத்து, ஒவ்வொரு பிழையும் எவ்வளவு மோசமானது என்று எடை போட்டு, தொழிலாளரின் வயதோடு பொருத்திப் பார்த்தார்கள். மூத்தவர்கள் சின்னப் பிழைகள் கொஞ்சம் கூடுதலாகவே செய்தார்கள். பெரும் பிழைகள் அவர்களிடம் மிகக் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 60 வயது வரை உற்பத்தித் திறன் இறங்கவே இல்லை. எதில் கோட்டை விடலாம், எதில் விடவே கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நூல் பிசிறும் இரண்டு இஞ்சும்போல.

காலர் திருப்புவதைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த விமர்சனமே வீண். இந்தத் தலைமுறைக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சட்டை நன்றாக இருக்கும், காலர் மட்டும் கழுத்து மடிப்பில் தேய்ந்து வெள்ளையாக நூல் தெரியும். அதைத் தூக்கிப் போட வேண்டாம். பெரியவர் சட்டையை மடியில் போட்டு, காலரும் அடிப்பட்டியும் சேருகிற இடத்தில் தையலைப் பிரிப்பார். பிரித்தவுடன் இழுக்க மாட்டார். நடுமுதுகு வருகிற இடத்தில் காலரிலும் பட்டியிலும் ஒரே நேராக சாக்பீஸால் ஒரு கோடு. அப்புறம் காலரை வெளியே எடுத்து, தேய்ந்த பக்கம் அடியில் போகிற மாதிரி புரட்டி, அந்த இரண்டு கோட்டையும் ஒன்றாக்கி முதல் குண்டூசி. அதிலிருந்து இரண்டு பக்கமும் விரலால் நீவிக்கொண்டே போய் முனைகளில் ஒவ்வொன்று. நடுவிலிருந்து ஆரம்பிக்காமல் ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் காலர் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளுமாம். பெரிய தையலில் கையால் ஓடவிட்டு பாயிடம் கொடுப்பார். பாய் மெஷினில் ஒரே ஓட்டம். அயர்ன் பண்ணிக் கையில் கொடுத்தால் என் வீட்டுக்காரருக்கே அது பழைய காலரா புதுசா என்று தெரியவில்லை. 80 ரூபாய்.

ஓனர் கணக்குக்கு இது நஷ்டம். அந்த நேரத்தில் நாலு பேண்ட் அடி மடிக்கலாம். “பெரியவருக்கு இது குடுத்தா மொகமே வேற மாதிரி ஆயிடும், அதனால விட்டு வெச்சிருக்கேன்” என்றார். வயதும் வேலையில் பிடிப்பும் பற்றி டோரியன் கோய் என்ற நெதர்லாந்து ஆய்வாளரும் அவர் குழுவும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். வயது ஏற ஏற மேலே போகணும், சம்பாதிக்கணும் என்ற வேகம் குறைகிறது, வேலையே தருகிற திருப்தியின் இழுப்பு கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. முன்னால் இருக்கிற காலம் குறைவு என்று தோன்ற ஆரம்பித்தால் மனிதர்கள் மனசுக்கு நெருக்கமானதைத் தேடிப் போகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். எங்கள் ஆலையில் ஐம்பத்தாறு வயதுக்காரருக்கும் இருபத்தாறு வயதுக்காரனுக்கும் ஒரே ‘பெர்ஃபாமன்ஸ் அவார்டு’. மிக்சி கொடுக்கிறோம். ஐம்பத்தாறு வயதுக்காரர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு மிக்சி இருக்கும்.

ரொம்பவும் பாராட்டிவிட்டேனோ என்று தோன்றுவதால் மெஷின் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓனர் சர்வோ மோட்டார் வைத்த புது மெஷின் வாங்கிப் போட்டார். பழைய கிளட்ச் மோட்டார் ஸ்விட்ச் போட்ட நிமிஷத்திலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும், இரைச்சலும் கரண்ட் பில்லும் அதிகம், கால் வைத்தால் வெடுக்கென்று இழுக்கும். சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டும் ஓடும். வேகத்தையும் இதற்கு மேல் போகாதே என்று நிறுத்தி வைக்கலாம். வயதான காலுக்கென்றே செய்தது மாதிரி. ஆனால் மாசக்கணக்கில் துணி மூடிக் கிடந்தது. பாய் தொடவில்லை. அக்கா, “எனக்கு அதெல்லாம் வேணாம் சாமி” என்றுவிட்டார்.

இங், ஃபெல்ட்மன் என்ற இருவர் 2012-இல் 418 ஆய்வுகளைத் திரட்டி, மூத்த தொழிலாளர்களைப் பற்றி உலகம் சொல்கிற ஆறு குறைகளைச் சோதித்தார்கள். ஊக்கம் இல்லை, மாற்றத்தை எதிர்ப்பார்கள், யாரையும் நம்பமாட்டார்கள், உடம்பு முடியாது, வீட்டுப் பாரம் வேலையைக் கெடுக்கும், பயிற்சிக்கு வரமாட்டார்கள். ஐந்து பொய். ஆறாவது மட்டும், பயிற்சியில் ஆர்வம் குறைவு என்பது, ஓரளவு உண்மை. எனக்கு இது நெருடலாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் டிரெயினிங் லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். ஐம்பதுக்கு மேல் பேரே இல்லை. அவர்கள் வரவில்லையா, சூப்பர்வைசர் பேர் கொடுக்கவில்லையா என்று விசாரித்தால், “ரெண்டு வருஷத்துல போறவருக்கு எதுக்கு மேடம்” என்று பதில். கூப்பிடாத விருந்துக்கு வரவில்லை என்று குறை சொன்ன கதை.

கடையில் கதை வேறு மாதிரி முடிந்தது. ஒரு முகூர்த்த நாள் நெருக்கத்தில் அக்காவின் மெஷின் பெல்ட் அறுந்துபோனது. ஆறு புடவை ஃபால்ஸ் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் புது மெஷினில் உட்கார்ந்தார். ஓனர் வேகத்தைக் குறைத்து வைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான் பயிற்சி. இப்போது அந்த மெஷின் பக்கம் வேறு யாரும் போக முடியாது. பாய் இன்னும் பழையதில்தான். “அவருக்கு அந்தச் சத்தம் வேணும், இல்லன்னா தூக்கம் வந்துடும்” என்று அக்கா கிண்டல் அடிப்பார்.

ஆராய்ச்சியாளர்கள் இப்போது நீடித்து நிற்கிற தொழில் வாழ்க்கை என்று பேசுகிறார்கள். ஆன்ஸ் டி வோஸ், பியாட்ரிஸ் வான் டெர் ஹெய்டன் போன்றவர்கள் இதற்கு மூன்று அடையாளம் வைக்கிறார்கள். உடல்நலம், மகிழ்ச்சி, உற்பத்தித் திறன். இந்த மூன்றும் ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கில் சேர்ந்து ஓட வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் பெரும்பகுதி பென்ஷன், மருத்துவக் காப்பீடு எல்லாம் இருக்கிற ஊர்களில் எழுதப்பட்டது. பெரியவர் பி.எஃப். பென்ஷன்காரர். அதில் குறைந்தபட்சத் தொகையை 2014-இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அவருக்கு வருவது அதற்குக் கொஞ்சம் மேலே. சர்க்கரை மாத்திரை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது, அதற்கு ஒரு நாள் வேலை போய்விடும். அவர் காலரைப் புரட்டுவதில் சந்தோஷப்படுவது உண்மை. வேலைக்கு வராமல் இருக்க முடியாது என்பதும் உண்மை. ஓனரைத் தவிர மூன்று பேருக்கும் பீஸ் கணக்குதான், மாசச் சம்பளம் இல்லை. ஆகவே அட்டையில் இருக்கிற ஒவ்வொரு ‘இல்லை’க்கும் அவர்கள் கையிலிருந்துதான் காசு போகிறது. கருப்பு பேண்ட்டோடு திரும்பிப் போன பையன் மறுநாள் காலையில் வந்தானா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் பாய்க்கு அந்த பேண்ட்டின் கூலி நஷ்டம். என் நோட்டில் இதைத்தான் தடித்த எழுத்தில் போட்டேன்: வேலையைக் குறைத்துக்கொள்ளும் உரிமை கொடுத்தால், குறைந்த கூலியை யார் ஈடுகட்டுவது என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நோட் மேலே போயிருக்கிறது. இதுவரை இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு லைட் மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இனி நேரடியாகக் கடை விவரம். பேண்ட் அடி மடிக்க 60, ஜீன்ஸ் 80. இடுப்பு பிடிக்க 90. ஜிப் மாற்ற, ஜிப்போடு சேர்த்து, 120. ரவிக்கை பிரித்து விட 50, உள்ளே துணி இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் அக்கா முகத்துக்கு நேராகவே, “துணியும் இல்ல, நீயும் கொறைய மாட்ட, புதுசு வாங்கிக்கம்மா” என்பார். புடவைக்கு ஃபால்ஸ் வைத்து பீக்கோ அடிக்க 130, மூன்று நாள் ஆகும். ரொம்ப மெல்லிய சிந்தெடிக் புடவைகளில் பீக்கோ சில சமயம் சுருங்கிவிடுகிறது, பட்டும் காட்டனும் பிரமாதம்.

குறைகள் நிறைய. போட்டுப் பார்க்க இடம் கிடையாது. ஆண்கள் ஒரு திரைக்குப் பின்னால் சமாளிக்கலாம், பெண்கள் வீட்டில் பின் குத்திக்கொண்டு வருவதுதான் வழி. மழை பெய்தால் சந்தில் முழங்கால் தண்ணீர், அன்றைக்குக் கடையே திறக்காது. ஜி-பே ஓனர் போனில் மட்டும்தான், அவர் வெளியே போயிருந்தால் காசு வேண்டும். துணி வாங்கியதற்கு அடையாளமாக ஒரு துண்டு லைனிங் துணியில் நம்பர் எழுதித் தருவார்கள். அதைத் தொலைத்தால் பாயின் ஞாபக சக்தியை நம்ப வேண்டியதுதான். அது நன்றாகவே இருக்கிறது, ஆனால் திட்டு விழும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போய்விட்டு நாலு மணிக்குத்தான் வருவார்.

செவ்வாய், புதன் காலையில் போனால் கூட்டம் இருக்காது. ஜீன்ஸில் கம்பெனி மடிப்பு அப்படியே வேண்டுமென்றால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், இருபது ரூபாய் கூட ஆகும். சொல்லாவிட்டால் பாய் அவருக்குப் பிடித்தபடி மடித்துவிடுவார், அப்புறம் பிரிக்கச் சொன்னால் அதற்குத் தனியாகக் காசு.